வாதிக்குக் கொண்டுபோன மீன்கள்

ரோலாவில் ஒரு குடும்பம் ஊருக்கே திரும்புகிறது என்றால், பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிற எங்களுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கார்கோ பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் இரவு பன்னிரண்டு மணி தாண்டியும் கேட்கும். கட்டிலையும் ஃபிரிட்ஜையும் யாராவது வாங்கிக்கொள்வார்கள். வாஷிங் மெஷினுக்குப் போட்டியே நடக்கும். யாருக்கும் வேண்டாமல் கடைசியில் நிற்பவை இரண்டு: பால்கனிச் செடிகளும் மீன் தொட்டியும்.

2024 டிசம்பரில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஓர் அண்ணனின் குடும்பம் அப்படிக் கிளம்பியது. அண்ணனுக்கு வேலை போய்விட்டது. விசா கேன்சலாகி, கையில் இருந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. அவர்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கப்பிகளும், 'டேங்க் கிளீனர்' என்று கடைக்காரர்கள் சொல்லும் கறுப்பு மீன்கள் இரண்டும் இருந்தன. அந்த வருடம் ஏப்ரல் 16-ஆம் தேதி பெய்த பெருமழையில் ஷார்ஜாவின் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அவர்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றுபோனதும், அந்த வீட்டுச் சிறுவன் தூங்காமல் உட்கார்ந்து டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காப்பாற்றிய மீன்கள் அவை. விமான நிலையத்துக்கு வண்டி ஏறும்போது எங்களிடம் அவன் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, சாகடிச்சிராதீங்க. எங்கயாவது ஆத்துல விட்டிருங்க."

சரி என்று சொல்லிவிட்டோம். ஷார்ஜாவில் ஆறு ஏது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜனவரியில் வாலிபர் ஐக்கியத்தின் பிக்னிக், ஹஜர் மலைப்பக்கம் ஒரு வாதிக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறோம்: வாதி என்றால் மலை ஓடை. மழை பெய்தால் வெள்ளம் புரளும். மற்ற நாட்களில் பாறை இடுக்குகளில் முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் தேங்கி நிற்கும். பிரியாணி அண்டா, கிரிக்கெட் மட்டை, கிட்டார் ஆகியவற்றோடு ஒரு தெர்மாகோல் பெட்டியும் வேனில் ஏறியது. உள்ளே மூன்று பிளாஸ்டிக் பைகளில் மீன்கள். புண்ணிய காரியம் செய்யப் போகிற முகம் எங்கள் எல்லாருக்கும். அந்தச் சிறுவனுக்கு அனுப்ப ஒரு தங்கை வீடியோகூட எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பையின் ரப்பர் பேண்டை அவிழ்க்கும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஏலே, நில்லுங்கல. என்ன செய்தீய?"

வேன் ஓட்டி வந்த அண்ணாச்சி. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். வளைகுடாவுக்கு வந்து இருபத்தேழு வருஷம். சபையில் சின்னப் பிள்ளைகள் முதல் போதகர் ஐயா வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"மீன விடுதோம் அண்ணாச்சி. பாவம், தொட்டிக்குள்ளயே கெடந்து..."

"எங்க ஊரு கொளத்துக்கும் ஒருத்தரு இப்பிடித்தான் நல்லது செஞ்சாரு."

பிரியாணி ஆறிப்போகும் வரைக்கும் அந்தக் குளத்தின் கதையைக் கேட்டோம். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது கோடையில் குளம் வற்றி அழியும் நாளில் ஊரே சேற்றில் இறங்குமாம். ஊத்தாவைக் கவிழ்த்துப் போட்டு, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால், விரால் ஒரு பக்கம் வழுக்கும், கெளுத்தி ஒரு பக்கம் முள்ளால் குத்தும். குறவை, உளுவை, ஆரால், அயிரை, கெண்டை என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கூடைகூடையாகக் கட்டுவார்களாம். எந்த மீன் எந்த மடைப் பக்கம் இருக்கும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவருடைய அம்மைக்கு அத்துப்படி. இப்போது விடுமுறைக்குப் போனால் அதே குளத்தில் பத்துக்கு எட்டு ஜிலேபி. மீதியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீன்பாசி ஏலம் எடுத்த ஒருவர், சீக்கிரம் வளரும் என்று சொல்லி அதைக் கொண்டுவந்து விட்டாராம். ஆப்பிரிக்கக் கெளுத்தி தவளையையும் தின்னும், குஞ்சையும் தின்னும், கோழிக்கடைக் கழிவையும் தின்னும். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். "அயிரைன்னா என்னன்னு எம் மவனுக்குப் படத்துல காட்ட வேண்டியதிருக்கு" என்றார் அண்ணாச்சி.

அன்று ராத்திரி ரோலாவுக்குத் திரும்பியதிலிருந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தோம். அண்ணாச்சி சொன்னதில் மிகை இல்லை. ஜிலேபி என்று நாம் அழைக்கிற திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-இல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பஞ்சம் பார்த்த நாடு, ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான். சில வருடங்களிலேயே அதன் போக்கைப் பார்த்துப் பயந்து, 1959-இல் மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குள் அது குளம் குளமாகப் போய்விட்டது. உடுமலைப்பேட்டைப் பக்கத்து அமராவதி அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள், தட்டில் இருந்தது என்ன மீன் என்று சொல்வார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் ஒளித்து வளர்த்த குட்டைகளைக் கண்டுபிடித்து அதிகாரிகள் அழித்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டிலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

ஜிலேபியின் ரகசியம் அதன் வாயில் இருக்கிறது. இங்கே வேதம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சுவையான விஷயம் உண்டு. கலிலேயாக் கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குப் 'பேதுரு மீன்' என்று பொரித்துக் கொடுப்பது ஜிலேபியின் நெருங்கிய சொந்தம். பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்து வாயைத் திறந்து வெள்ளிக்காசை எடுத்தது இந்த மீனில்தான் என்று ஒரு பாரம்பரியம். அந்த வாய்க்குள் காசைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு. நம் ஊருக்கு முதலில் வந்த ஜிலேபி வகையில், தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும், ஆபத்து என்றால் வாயைத் திறக்கும், அத்தனையும் உள்ளே போய்விடும். நம்முடைய கெண்டை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதைத் தின்ன ஆயிரம் வாய்கள். ஜிலேபி குஞ்சுக்கோ ஒரு கோட்டை இருக்கிறது. போதாததற்குச் சில மாதங்களிலேயே பருவத்துக்கு வந்து, வருடத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும். உப்புத் தண்ணீரும் தாங்கும். கலிலேயாவில் பேதுரு மீன் அந்த ஏரியின் சொந்தப் பிள்ளை. அதன் உறவுக்கார மீன் நாங்குநேரிக் குளத்துக்கு வந்தபோது அதை எதிர்கொள்ள அங்கே யாரும் பழகியிருக்கவில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் இருக்கிற இலங்கை அண்ணன் ஒருவர் இந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கையின் குளங்களில் இன்றைக்கும் உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பு திலாப்பியாதான், எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான் என்றார். அது உண்மை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இதே கதைதான். 1950-களில் அங்கே விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய மீன் ஏற்றுமதியில் கொழிக்க வைத்தது. அந்த ஏரிக்கே உரிய சின்ன மீன்களில் சுமார் 200 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். வளைகுடா சூப்பர் மார்க்கெட் ஃபிரீசர்களில் முள் எடுத்த துண்டுகளாகக் கிடக்கிறதே, அந்த நைல் பெர்ச்தான். நாங்களும் வாங்கிப் பொரித்திருக்கிறோம்.

சரி, எங்கள் தெர்மாகோல் பெட்டிக்கு வருவோம். அந்த வாதியில் இறங்கி நின்றபோது எங்கள் கால் விரல்களைச் சின்னஞ்சிறு சாம்பல் மீன்கள் வந்து கொறித்தன. மால்களில் காசு கொடுத்துக் காலை நீட்டி உட்காரும் 'ஃபிஷ் ஸ்பா' மீனுக்கு இது பங்காளி. அறிவியல் பெயர் காரா பரைமியே. அல் ஐனை ஒட்டிய புரைமி ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஹஜர் மலைகளை விட்டால் இதற்கு உலகத்தில் வேறு சொந்த ஊர் கிடையாது. கோடையில் தண்ணீர் ஒரு சட்டி அளவுக்குச் சுருங்கினாலும் தாக்குப்பிடிக்கும். வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, ஈரப் பாறையில் மேலே மேலே ஏறி அடுத்த குட்டைக்குப் போகும். ஓமானின் அல் ஹூத்தா குகைக்குள் கண்ணே இல்லாமல் வாழ்கிற காராவும் இருக்கிறது. இந்த நாட்டின் மலை ஓடைகளுக்குச் சொந்தமான மீன் இனங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று எங்கள் காலடியில் நின்றது.

அது என்ன சாப்பிடுகிறது தெரியுமா? பாறையில் படிந்த பாசி. எங்கள் பைக்குள் இருந்த டேங்க் கிளீனர் என்ன சாப்பிடும்? அதே பாசி. கடையில் விரல் நீளத்தில் வாங்கும் அந்தத் தென் அமெரிக்க மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். உடம்பெல்லாம் கவசம் மாதிரிச் செதில்தட்டு. விழுங்க வருகிற மீனுக்கும் பறவைக்கும் தொண்டையில் முள்ளை நிமிர்த்தும். தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். முட்டையிடக் கரையில் வளை தோண்டிக் கரையையே பலவீனமாக்கும். சென்னைப் பக்கத்து ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு இது வருவதாக மீனவர்கள் புலம்புகிறார்கள். விற்கவும் முடியாது, தின்னவும் ஆள் இல்லை. அந்த ஏரிகளுக்கு அது நீந்தி வரவில்லை. யாரோ வீடு மாற்றும்போது, நம்மைப் போலவே பாவம் பார்த்து விட்டிருக்கிறார்கள். சில நேரம் வெள்ளமே அந்த வேலையைச் செய்துவிடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள ஆறுகளில் அமேசானின் அரபைமா கிடைத்தது, வட அமெரிக்காவின் முதலை வாய் மீனும் கிடைத்தது.

வேனில் திரும்பும்போது ஒரு தம்பி கேட்டான். "அப்போ நாமளும் இங்க வந்தேறிதானே அண்ணாச்சி?"

எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம். ரோலா என்ற பெயரே இங்கே நின்ற ஓர் ஆலமரத்தால் வந்தது. 1978-இல் அது பட்டுப்போய்விட்டது. இப்போது பூங்காவில் அதன் நினைவுச் சின்னம் நிற்கிறது. அந்த மரத்தடிப் பெயரில்தான் நாம் எல்லாரும் விலாசம் எழுதுகிறோம்.

"நாம கேட்டுக்கிட்டு வந்தோம்ல. விசா தந்தாங்க, வந்தோம். போன்னா போயிருதோம்" என்றார் அண்ணாச்சி. "மீனுகிட்ட யாரு கேட்டா? அது வந்த எடத்துல பொழைக்கத்தான பார்க்கும்."

டிசம்பரில் போன குடும்பத்தை நினைத்துக்கொண்டோம். சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிப் பேச்சில் மீனையும் மனுஷனையும் ஒரே தராசில் வைக்கிறவர்களை எங்களுக்குப் பிடிக்காது. சீமைக் கருவேலத்தைச் சொன்னால் பொருந்தும். ஊரிலும் அது ஆக்கிரமித்திருக்கிறது, இங்கேயும் பாலைவனத்தில் பரவி நிற்கிறது. இந்த நாட்டின் தேசிய மரமான காஃப், நம் ஊர் வன்னி மரமேதான். இரண்டு ஊரிலும் ஒரே மரத்துக்கு ஒரே தொல்லை.

மூன்று பைகளும் திரும்ப ரோலாவுக்கு வந்தன. கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரக் கூடுகையில் ஒரு சகோதரி எழுந்து நின்று, ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். 2022-இல் ஃபிளாட் மாறும்போது ஏழெட்டு கப்பிகளை வேறொரு வாதியில் விட்டுவிட்டாளாம். அன்று வீட்டுக்கு வந்து சந்தோஷமாகத் தூங்கியதாகவும் சொன்னாள். நாங்கள் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பதினைந்து நாளைக்கு முன் நாங்கள் செய்யப் போனதும் அதுவேதான்.

பிப்ரவரியில் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். செத்துப்போயிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். அப்படி எதிர்பார்த்தது எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. குட்டையின் ஓரத்தில், வெயில் படுகிற இடத்தில், ஆரஞ்சும் நீலமுமாக வால்கள் மினுங்கின. ஏழெட்டு இல்லை. எண்ண முடியவில்லை.

கப்பி முட்டை இடுவதில்லை, குட்டி போடும். ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும். பெண் கப்பி அந்த உயிரணுக்களை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அடுத்தடுத்துக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரே ஒரு பெண் மீன் தப்பினாலும் ஒரு குட்டை நிரம்பிவிடும். கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக நம் ஊரில் இதைக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது உண்டு. 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பூசியாவும் கொசு ஒழிக்க வந்த மீன்தான். அது போன இடங்களில் எல்லாம் சின்ன மீன்களின் துடுப்பைக் கடித்து விரட்டிய பெயரை எடுத்திருக்கிறது. கொசுப்புழுவை இந்த மலை ஓடைகளில் சொந்த மீன்களே தின்னும்.

மாவு சல்லடை இரண்டு, கொசுவலைத் துணி ஒன்று. ஐந்து பேர் மதியம் வரைக்கும் குனிந்து நின்று பிடித்தோம். வலையில் வந்த காராக்களைத் திரும்ப விட்டுவிட்டுக் கப்பிகளை மட்டும் வாளியில் போட்டோம். இடுப்பு கழன்றுவிட்டது. மார்ச்சில் மறுபடி போனோம். மறுபடியும் வால்கள் மினுங்கின. முன்பைவிடக் குறைவு என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்தப் பகுதி நகராட்சிக்கு அனுப்பியிருக்கிறோம். இந்தக் கோடையில் குட்டை எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் குறைந்தால் பிடிப்பது சுலபம். அதே தண்ணீரில்தான் காராவும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வாளியில் வந்த கப்பிகளை என்ன செய்வது என்று பெரிய வாக்குவாதம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டிலில் கொடுக்கலாம் என்றார் ஒருவர். பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும்போது அது எங்கே போகும் என்று இன்னொருவர் கேட்டதும் அந்த யோசனை நின்றது. கடைசியில் ஒரு மீன் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். பெரிய மீன்களுக்குத் தீனியாக. இதை எழுதுவதா வேண்டாமா என்றும் யோசித்தோம். நடந்ததை எழுதியிருக்கிறோம்.

அந்தச் சிறுவனிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அவனுடைய கப்பிகளும் கறுப்பு மீன்களும் பத்திரமாக இருக்கின்றன என்று மட்டும் சொன்னோம். ஏன் ஆற்றில் விடவில்லை என்று வீடியோ காலில் கேட்டான். காராவின் படத்தைக் காட்டி, இது இவர்களுடைய வீடு, உன் மீன் போனால் இதற்குச் சாப்பாடு இருக்காது என்றோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அப்போ என் மீனுக்கு யாரு வீடு குடுப்பா?" என்றான்.

தொட்டி இப்போது ரோலாவில் எங்கள் ஐக்கியத்துத் தம்பி ஒருவரின் நாலாவது மாடி அறையில் இருக்கிறது. டேங்க் கிளீனர்களில் ஒன்று ஓர் அடியைத் தொட்டுவிட்டது. வெள்ளரிக்காய்த் துண்டு போட்டால் பெரியது விரும்பித் தின்னும். கப்பிகளில் ஆணை வேறு தொட்டிக்கு மாற்றியாகிவிட்டது. மீன் வளர்ப்பவர்கள் யாராவது ஊருக்குக் கிளம்புவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும்போதே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைக்காரர்களில் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெரிய மீனை வாங்கமாட்டார்கள். தொட்டித் தண்ணீரைக்கூட வாதியிலோ ஏரியிலோ ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள்.

தம்பியின் காண்ட்ராக்ட் ஆகஸ்டில் முடிகிறது. தொட்டி மூன்றடி நீளம், ஃபில்டர் புதியது. எடுத்துக்கொள்ள மனமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் வாலிபர் ஐக்கியச் செயலாளரைப் பாருங்கள்.